ஜூஜுவாடியில் இறங்கிய மூவர்

மதிய வெயிலில், தமிழக எல்லையோர ஜூஜுவாடியில் லாரிகள் நகராமல் நிற்கின்றன. டீக்கடை ஓரம் ஒரு வேன். உள்ளே மூன்று பெண்கள், கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்கிய தட்டுகளை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் விரல்நீள வாழைக்கன்று. வேனுக்கு வெளியே நிற்கும் மஞ்சுளா ஓசூரில் திசு வளர்ப்புக் கூடம் நடத்தியவர்; அதை இன்று கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளிக்கு மாற்றுகிறார்.

ஏன் என்று கேட்கிறேன்.

"கன்னு வளக்கறதும் விவசாயந்தானுங்க? ஆனா ஃபேக்டரின்னு சொல்லித்தான் சொத்து வரி, லைசென்ஸ் கட்டணம் எல்லாம் போடறாங்க. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துட்டேன்."

"அங்கே வரி இல்லையா?"

"இருக்குங்க. நான் பாத்த எடத்துல கொஞ்சம் கொறைவு. அதுக்குத்தான் இத்தனை பாடு."

பெண்கள் தட்டுகளை இருக்கையில் வைத்துவிட்டு இறங்குகிறார்கள். மூவரும் கூடத்தில் வேலை பார்த்த ராயக்கோட்டைக்காரர்கள். தினமும் இன்னொரு பஸ் மாறி எல்லை தாண்டிப் போக வீட்டில் சம்மதமில்லை. இன்றோடு வேலை முடிந்தது. மஞ்சுளா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் டீ சொல்கிறார். நின்றபடியே குடிக்கிறோம்.

லாரிகள் நகரத் தொடங்குகின்றன. ஒருத்தி ஓடிப்போய் தன் துப்பட்டாவைப் பாட்டில்களைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறாள்.

"டிரைவரண்ணா, மெதுவாப் போங்க. கன்னு இன்னும் வேர் விடல."