சத்தம் போடாத டப்பாக்கள்

சமையலறையில் மறுபடியும் கடகடவென்று சத்தம் கேட்டது. வழியனுப்ப வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே அது?"

"உன் அண்ணிதான். டப்பாவை ஆட்டிப் பார்க்குறா."

உள்ளே அவள் பருப்பு டப்பாவைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். ஆட்டும்போது சத்தம் வந்தால் அந்த டப்பா தேறவில்லை என்று பொருள். மூடியைத் திறந்து இன்னொரு பிடி போட்டு, தட்டி, அமுக்கி, மறுபடி காதுக்குக் கொண்டுபோவாள். முட்டைகளை அரிசிக்குள் புதைத்துவிடுவாள். வண்டி எத்தனை பள்ளத்தில் இறங்கினாலும் ஒன்றுகூட உடையாது.

"ஓடுற வண்டியில டப்பா பேசக் கூடாது. அவருக்குத் தலைவலி வந்துரும்."

நெடுந்தூர லாரி ஓட்டிய கணவருக்கு முப்பத்தோரு வருடம் சாப்பாடு கட்டிக்கொடுத்த கை அது.

டப்பாக்களின் மேல் அவள் ஒட்டும் சீட்டுகள்தான் வேடிக்கை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத மாட்டாள். வறுத்த கடலையின் மேல், 'தூக்கம் வந்தா'. பிஸ்கட்டின் மேல், 'பஞ்சர் ஆனா'. வெல்லத்தின் மேல், 'கோபம் வந்தா'.

நாத்தனார் ஒவ்வொன்றாய்ப் படித்துவிட்டுச் சிரித்தாள். "'பொண்டாட்டி ஞாபகம் வந்தா'ன்னு ஒரு டப்பா இல்லையா அண்ணி?"

"வந்தாத்தானே டப்பா வேணும்? போடி, போய் அந்த எண்ணெய் கேனைத் தூக்கு."

லாரியில் அவளையும் கூட்டிப்போவதாக அவர் இதுவரை மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் அவள் புடவை மடித்து வைத்தாள். முதல் முறை அவசர லோடு வந்தது. அடுத்த முறை லாரியே மாறிப்போனது. மூன்றாம் முறை அவள் செருப்பு மாட்டி வாசலில் நின்றபோது, முதலாளியின் மைத்துனர் வந்து அவள் இடத்தில் ஏறிக்கொண்டார். "அடுத்த தடவை பார்ப்போம்மா," என்று இவர் கிளம்பிவிட்டார். கையசைத்த சூட்டோடு புடவைகளைப் பீரோவில் அடுக்கியவள், பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆன பிறகு, போன வாரம் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாசலில் நிறுத்திவிட்டார். பத்து நாள். கடலோரமாகவே போகிற சாலை.

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் டப்பாக்களைக் கழுவப் போனாள்.

எண்ணெய் கேனோடு வண்டிக்குள் ஏறிய நாத்தனார், அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கனமானவை கீழே, லேசானவை மேலே. அடுக்கியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு போர்வை.

"அண்ணே, இங்க வா! நீ தனியாவா போற?"

அவர் ஏறி வந்தார். அரிசி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஆளுக்குப் பத்து நாளைக்கு எவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

பின்னாலேயே வந்த அவள் உதட்டைக் கடித்தாள். "கை தன்பாட்டுக்குக் கட்டிருச்சுங்க."

"உங்களுக்குன்னு ஒரு தட்டுகூடவா அண்ணி தோணலை?" என்றாள் நாத்தனார்.

"போற வண்டிக்குக் கட்டித்தான் பழக்கம்," என்றாள் அவள், மெதுவாக. "ஏறிப் பழக்கமில்லையே."

அவர் கீழே இறங்கி வீட்டுக்குள் போனார். தண்ணீர் குடிக்கக்கூட சமையலறைக்குள் நுழையாத மனிதர், அங்கே எதையெதையோ உருட்டும் சத்தம் வெளியே கேட்டது. திரும்பி வந்தபோது கையில் விளிம்பு நெளிந்த அவளுடைய தட்டு. தோளில் நாலு புடவை, தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு.

"சாப்பாடு பத்தாதுங்க. ரெண்டு பேருக்கு அஞ்சு நாள்தான் வரும்."

"வரட்டும். ஆறாம் நாள் கடைக்குப் போவோம். நான் சாப்பிட்ட கடையெல்லாம் நீ பார்க்க வேணாமா?"

"கடைச் சாப்பாடா! வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்கும் ஒரு டப்பா வெச்சிருப்பியே." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தார்.

வண்டி உறுமியது. நாத்தனார் அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் படியில் இறங்கினாள். "வீட்டை நான் பார்த்துக்கறேன். அண்ணன் பாதியில இறக்கிவிட்டா எனக்கு ஃபோன் பண்ணுங்க, வந்து நாலு சாத்து சாத்துறேன்."

அவள் சிரித்தபடி வண்டியின் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள்.

அலமாரியில் இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பழக்கத்தில் கை துண்டை எடுத்தது, நடுவில் செருக. அப்படியே நின்றது.

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.