மூண்டை ஒண்டாய் வத்த வைச்ச மஞ்சள் பூ

என்ர மனுசனுக்கு டொக்டர் குடுக்கிற குளிசை எண்டால் பகை, கசாயம் எண்டால் உயிர். நெஞ்சில ஸ்டென்ட் வைச்சும் அந்தக் குணம் மாறேல்லை.

டொக்டர் நடக்கச் சொன்னவர். சித்திரை மாச ஞாயிறு ஒண்டில, நாங்கள் இருக்கிற ஜேர்மன் பட்டணம் ஹாலேக்கு வெளியில கிடக்கிற மொட்டை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஸ்டெப் புல்வெளியாம். மழையும் எட்டிப் பாக்காது, மரமுமில்லை. எங்கட சனம் கண்டால், இதைப் பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள் எண்டு கேக்கும். ஆனால் சதகுப்பை மாதிரி இலையோட ஒரு மஞ்சள் பூ, மேடு முழுக்கப் பூத்துக் கிடந்தது. அந்தச் செடியில முந்தி இருதய மருந்து செய்தவை எண்டு பலகையில போட்டிருந்ததை வாசிச்சுச் சொன்னன். கடும் நஞ்சு, பிடுங்கத் தடை எண்ட கீழ்வரியை நான் வாசிக்கேக்க மனுசன் கார் வரைக்கும் போயிட்டார். எந்தக் கதையிலயும் தனக்குப் பிடிச்ச துண்டோட எழும்பிப் போறவர் அவர்.

செவ்வாய்க்கிழமை முதியோர் இல்லத்துச் சமையல் வேலை முடிஞ்சு வாறன், வீடெல்லாம் வைக்கோல் அவிச்ச மணம். தனிய பஸ் ஏறிப் போய்ப் பிடுங்கி வந்திருக்கிறார். ஊர் முறைப்படி மூண்டு பங்குத் தண்ணியை ஒரு பங்காய் வத்த வைச்சு, ரெண்டு பேணியில ஊத்தியிருக்கிறார். வீட்டில ஒருத்தருக்கு அவிச்சால் மற்றவருக்கும் குடுக்கிறதுதானே வழக்கம். பக்கத்தில பனங்கட்டி வேற! பாத்திரம் கழுவுற சிங்கில அந்த மஞ்சள் பூவைக் கண்டதும் ரெண்டு பேணியையும் எட்டி இழுத்தன்.

"குடிச்சனீங்களோ?"

"ஒரு மிடறு. சரியான கைப்பு. அப்ப நல்ல மருந்துதான்."

"விசரே உங்களுக்கு? அது நஞ்சப்பா!"

"நெஞ்சுக்கு நல்லம் எண்டு நீர்தானே வாசிச்சனீர்?"

கோதாரி! அம்புலன்சுக்குப் போன் அடிச்சன். மிச்சச் செடியையும் பையில போட்டுக்கொண்டு ஏறினன். ஆஸ்பத்திரியில ஒரு இளம் டொக்டர், எப்பிடிக் காய்ச்சினது எண்டு கேட்டார். மூண்டை ஒண்டாக்கிற கலையை எனக்குத் தெரிஞ்ச டொச்சு மொழியில விளங்கப்படுத்தினன்.

"தண்ணியைத்தானே குறைச்சவர், செடியைக் குறைக்கேல்லையே?" எண்டார்.

"அதுதான் டொக்டர் எங்கட வைத்தியம்" எண்டன்.

ஒரு மிடறோட நிப்பாட்டினது நல்ல காலம், ஆனாலும் பாத்துத்தான் சொல்லலாம் எண்டு நெஞ்சில வயரெல்லாம் ஒட்டிப் படுக்க வைச்சினம். இந்த மனுசன் போனால் நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?

"இஞ்சேரும், கோவமே?"

"வீட்ட வாங்கோ, இருக்கு."

நெஞ்சில ஒட்டின வயரைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"நான் சோபாவில கண்ணயர்ந்தால், நீர் வந்து மூக்கடியில விரல் வைச்சுப் பாக்கிறீர். நான் நித்திரை மாதிரிக் கிடக்கிறனான். குளிசை போட்டும் உம்மட விரல் நிக்கேல்லை. அதுதான் கெதியாச் சுகப்படுவம் எண்டு..."

"வாயை மூடிக்கொண்டு படுங்கோ" எண்டு கத்தினன். பக்கத்துக் கட்டில் கிழவியும் திரும்பிப் பாத்தா.

அவர் கண்ணை மூடினார். தலைமாட்டு மெசின், மனுசன் இருக்கிறார், இருக்கிறார் எண்டு விடாமல் சத்தம் போட்டுக்கொண்டு நிண்டது. அதை ஆர் நம்பினது? மெல்ல எட்டி, மூக்கடியில விரலை வைச்சன்.