தலைமாற்றிப் போடாத பனங்கட்டைகள்

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. அவன் செத்து எத்தனையோ வருஷமாகியும் பிடிக்கவில்லை. நார்த்தாமலைப் பக்கம் வண்டிப் பட்டறை வைத்திருந்தான். நான் வீட்டு வேலை பார்க்கிற தச்சன். மாட்டுவண்டிக்குச் சக்கரம் செய்கிறவன், மரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைத்துவிட்டால் எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பர்மாத் தேக்கு வரத்து நின்றுபோயிருந்தது. அப்போது பார்த்துத்தான் வீட்டுக்கு மேல் மரத்தில் மச்சு போட வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். சக்கரத்துக்கு வாங்கிய கருவேலக் கட்டைகளை நிழலில் காயவைக்க இடம் வேண்டுமாம். பனைமரம்தான் கிடைக்கும் என்றேன்.

"பனைன்னா பனை. வந்து போட்டுக் குடு" என்றான். மூத்த மச்சானிடம் பேசுகிற பேச்சா அது? தங்கை முகத்துக்காகப் போனேன். அவள் நிறைமாதமாக இருந்தாள். எங்கள் ஆத்தா இல்லாததால் பிரசவமும் அந்த வீட்டிலேயே என்று ஆகியிருந்தது.

பனங்கட்டைக்கு அடிப்பக்கம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். நுனிக்குப் போகப்போக வைரம் மெலிந்து, உள்ளே மெத்தென்று வெறும் சோறுதான். அதனால் ஒரு கட்டைக்கு அடி மேற்கே என்றால் அடுத்ததற்குக் கிழக்கே என்று தலைமாற்றிப் போடுவேன். நுனி தாங்காத பாரத்தைப் பக்கத்துக் கட்டையின் அடி வாங்கிக்கொள்ளும். மேலே பலகை அடித்துவிட்டால் ஆட்டம் இருக்காது. சுவருக்குச் சுவர் பதினொரு கட்டைகள். முதல் இரண்டை ஏற்றியதுமே அவன் வந்துவிட்டான்.

"அடி மேற்க, நுனி கிழக்க. எல்லாக் கட்டையும் அப்படித்தான் இருக்கணும். அதுதான் முறை. தலைமாத்திப் போட்டா குடும்பமே தலைகீழாப் போகும்."

"தேக்குன்னா அப்படிப் போடலாம் மாப்பிளே. பனைக்கு ஆகாது. கிழக்காலே பூராவும் நுனியாப் போயிரும்."

பட்டறை ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஒனக்கு வேலை தெரியலைன்னு சொல்லிட்டுப் போ. எங்க வண்டிக்கு முட்டுக் குடுக்கக்கூட ஒன்னையக் கூப்பிட மாட்டேன்."

அவர்களும் சிரித்தார்கள். போடுகிறேன்டா, உன் மச்சு இந்த ஆட்கள் முன்னாலேயே தொங்கட்டும், உன் மூக்கு உடையட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். பதினொரு நுனியையும் கிழக்குச் சுவரில் வரிசையாக உட்காரவைத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை வேலை செய்ததில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது பார்க்கப் போனேன். காற்று வருகிறது என்று கிழக்கு ஜன்னலோரம்தான் தங்கை தூளி கட்டியிருந்தாள். என் பனங்கட்டையில்தான் கட்டியிருந்தாள். மேலே அதே ஓரத்தில் அவன் கருவேலத்தைக் குவித்திருந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளித் துணியில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். சுவரில் உட்கார்ந்த நுனிகள் நசுங்கி, நார் பிதுங்கியிருந்தது.

குழந்தையை அள்ளி அவள் கையில் கொடுத்து, "வெளியே போ, இங்கிட்டு வராதே" என்று கத்தினேன். அவள் புருஷன் சக்கரம் ஏற்றிக்கொண்டு கட்டுமாவடிக்குப் போயிருந்தான். அன்று சிரித்த அதே ஆட்களைக் கூப்பிட்டுக் கருவேலத்தையெல்லாம் கீழே இறக்கினேன். நுனிகளுக்கு அடியில் ஒரு விட்டம் கொடுத்து, மூன்று முட்டுக்கால் நிறுத்தினேன்.

வேலை முடிந்ததும் தங்கை வாசற்படியிலிருந்தே கேட்டாள். "இப்படி ஆகும்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும். ஒம் புருஷன்தான் கேக்கலை."

"அவரு கேக்கலை, சரி. எங்கிட்ட ஏன் சொல்லலை? நான்தானே கீழே படுக்கிறேன்?"

அவள் படுக்கிற இடம் அது என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. அவனையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வருஷம் குழந்தைக்குக் காதுகுத்து. புதுத்துணி, பழத்தட்டு எல்லாம் கொண்டுபோய், தாய்மாமன் என்ற முறையில் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் புதுத்துண்டு விரித்திருந்தேன். காது குத்துகிற பத்தர் ஊசியோடு காத்திருந்தார். தங்கை குழந்தையோடு வந்தாள். என்னைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க குத்துங்க" என்றாள் பத்தரிடம்.

"என்ன புள்ள, மச்சான் மடியில வை. அதுதான் முறை" என்று அவள் புருஷன் அதட்டினான். அன்று வாசற்படியில் நாங்கள் பேசியதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பக்கம் பேச அந்தச் சபையில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

அவள் தலையை நிமிர்த்தவேயில்லை. பத்தர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் போனார். குழந்தை வீறிட்டு அழுதது. நான் மடியில் விரித்திருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.