சாம்பிள் முகம்

நூல்காரி என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்துவதில் கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டி. வந்து உட்காரும் முகத்தில் ஏதாவது குறை சொன்னால்தான் ஃபேஷியலுக்குத் தலையாட்டுவார்கள் என்பது அவள் கற்ற தொழில் பாடம். "என்னக்கா, கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துப்போச்சு?" என்று உருகுவாள். பாவம், வந்தவள் அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்தவளாகக்கூட இருப்பாள்.

கடையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மகளையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். "எங்கம்மாதான் அழகு" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிந்த குழந்தை அது. வயசுக்கு வந்து முகமெல்லாம் பரு கிளம்பியதும் அம்மாவுக்கு வியாபார புத்தி வந்துவிட்டது. பள்ளி விட்டதும் கடைக்கு வரச் சொன்னாள். யாராவது ஃபேஷியலுக்குத் தயங்கினால், மகளின் தாடையைப் பிடித்து ட்யூப்லைட் பக்கம் திருப்புவாள்.

"கவனிக்காம விட்டா இப்படித்தான். என் பொண்ணுதான், சொன்னா கேக்கறாளா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். மகளும் முதலில் கூடவே சிரித்தாள். பிறகு ஒரு நாள், "என்னைக் காட்டாதம்மா" என்று அழுதாள்.

"உன் மூஞ்சியக் காட்டித்தான்டி உனக்குச் சோறு."

பெற்ற வாய் பேசுகிற பேச்சா அது! அதற்குப் பிறகு மகள் கெஞ்சவில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. தொழிலை மட்டும் கவனமாகக் கற்றுக்கொண்டாள்.

வருஷம் போனது, பருவும் போன இடம் தெரியவில்லை. பெண் பளிச்சென்று நின்றாள். நூல்காரிக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. மகள் வாயால் பழையபடி ஒரு தடவை 'அழகு' என்று கேட்டுவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதற்காகவே ஒரு காலையில் தலைக்குச் சாயம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி, கடையில் மகள் முன்னால் போய் நின்றாள்.

"எப்படிடி இருக்கேன்?"

நாற்காலியில் புதிதாக வந்த ஒருத்தி, ஃபேஷியல் வேண்டாம் என்று எழுந்திருக்கப் பார்த்தாள். மகள் அம்மாவை நிதானமாகப் பார்த்தாள். கிட்டே வந்து, தாடையை இரண்டு விரலால் பிடித்தாள். பெண் தன்னைத் தொட்டு எத்தனை காலமாயிற்று! நூல்காரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

முகம் ட்யூப்லைட் பக்கம் திரும்பியது.

"பாருங்கக்கா, கழுத்து தொங்கிப்போச்சு, வாயோரம் சுருங்கிப்போச்சு. கவனிக்காம விட்டா இப்படித்தான். எங்கம்மாதான், சொன்னா கேக்கறாங்களா?"

வந்தவள் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள். மகள் கையை எடுத்துவிட்டு, "பஞ்சு கொண்டு வாம்மா" என்றாள்.

நூல்காரியும் கூடவே சிரித்துவிட்டுப் பஞ்சு எடுக்கப் போனாள்.