பச்சை மையில் ஒரு மறுப்பு

கிருபாநிதி சாரிடம் போலி எதுவும் செல்லாது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருபது வருஷம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர். நகலை நீட்டினால் ஒரிஜினலைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். மனைவியின் தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த முத்துமாலையைப் பல்லில் உரசிப் பார்த்த புண்ணியவான். "நரநரன்னு இருக்கணும், இது வழுக்குது. டூப்ளிகேட்" என்று கூட்டத்துக்கே அறிவித்தார். சம்பந்தம் முறிந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு அடுத்தது அமைய மூன்று வருஷம் ஆனது.

ஓய்வு பெற்றபின் மையின் இடத்தை வேதாகமம் பிடித்துக்கொண்டது. போன ஞாயிறு பிரசங்கத்தில் சபையை ஒரு மணி நேரம் உலுக்கி எடுத்துவிட்டார். பவுல் தன் சீடன் தீமோத்தேயுவை உத்தம குமாரன் என்கிறாரே, அந்தக் கிரேக்கச் சொல் முதலில் சட்டச் சொல்லாம். முறையாகக் கல்யாணம் செய்தவளுக்குப் பிறந்த பிள்ளைக்குத்தான் பொருந்துமாம். "பவுல் பெத்தாரா? இல்ல. ஆனாலும் உத்தம குமாரன்னு எழுதுதாரு. ரத்தமாய்யா பெருசு? குணம்லா பெருசு!" என்று மேசையைத் தட்டியபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் மனைவி ஜெயஷீலா மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவர் எங்கே போகப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

போனது வி.ஏ.ஓ. ஆபீசுக்கு. அண்ணன் ஜீவமணி காலமாகி நாற்பது நாள். மில்லர்புரத்தில் ஒரு வீடு. அண்ணி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜெப்ஸி என்று ஒரு மகள். ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன பச்சைக் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தார்கள். தத்துப் பத்திரம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த ஜீவமணிக்கு மலஜலம் எடுத்தவள் அவள்தான். எடுத்தால் என்ன, அதற்குச் சான்றிதழ் உண்டா?

"வாரிசுச் சான்றுல அவ பேரு வரப்படாது, தம்பி" என்றார் சார், கொஞ்சமும் கூசாமல். "ஆதாரு, ஸ்கூல் சர்ட்டிபிகேட்டு எல்லாம் அண்ணன் சொன்னதை எழுதுனது. சொந்தத்துல ஒருத்தரும் அவளை ஒத்துக்கிடல. சட்டப்படி நான்தான் வாரிசு."

வி.ஏ.ஓ. மாரிச்செல்வம், விசாரணைக்கு வந்து ஓரமாக நின்ற ஜெப்ஸியைப் பார்த்தார். "ஏம்மா, சொந்தத்துல யாராவது உன்னை ஒத்துக்கிட்டு எழுதுனது இருக்கா?"

"சித்தப்பா கைப்பட எழுதுனது ஒண்ணு இருக்கு, சார்."

பையிலிருந்து லேமினேஷன் போட்ட ஒரு தாளை எடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு துறைமுகக் கம்பெனி வேலைக்காக நன்னடத்தைச் சான்று கேட்டு அவள் கொடுத்த மனு. சொந்தக்காரருக்கு அந்தச் சான்று கொடுக்கக் கூடாது என்பது விதி. வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார்கள். நம் சார் போடுவாரா? மனுவின் ஓரத்தில் பச்சை மையில், முத்திரையோடு எழுதியிருந்தார்: "மனுதாரர் என் உடன்பிறந்த அண்ணன் மகள். எனவே சான்று வழங்க இயலாது."

"அந்த வேலை கிடைக்கல, சார்" என்றாள் ஜெப்ஸி. "அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா இதை வாங்கிப் பாத்துட்டு, 'ஏளா, வேலை கிடக்கட்டும். எந்தம்பி ஒரு நாளும் உன்னை எம் பிள்ளைன்னு வாயால சொன்னதில்ல. இன்னைக்கு சீல் வச்சுல்லா எழுதிட்டான்'னு சொல்லி, அன்னைக்கே லேமினேஷன் போட்டாவ."

மாரிச்செல்வம் தாளைச் சாரிடம் நீட்டினார். "சார், இது உங்க கையெழுத்துதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு கைக்கு வந்துவிடும். பாழாய்ப்போன கை கேட்டால்தானே! தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. முத்திரையின்மேல் நகத்தை வைத்தார், பிளாஸ்டிக் வழுக்கியது. அண்ணன் ஒரு மூலைகூடப் பிரியாமல் ஒட்டி வைத்திருந்தார்.

"ஒரிஜினல்தான்" என்றார்.