ரோட்டேத் தீவுக்காரியாக நான் நின்ற நாட்கள்

கண்காட்சியில் விளக்கம் சொல்லும் வேலையின் பெரிய கஷ்டம், கேட்கிறவர்கள் நாம் சொல்வதை நம்பிவிடுவதுதான். கடையிலோ அலுவலகத்திலோ நின்று, கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதுபோன்ற முகத்தோடு விவரித்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுவில், லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. இந்தோனேசியாவின் தென்கோடியில் ரோட்டே என்று ஒரு சின்னத் தீவு. அதில் ஓய்தாலு என்று ஒரு கிராமம். அங்கே பல வருடம் தாதியாக இருந்து திரும்பிய மதாம் ஒருவர், தான் கொண்டுவந்த சாமான்களையும் எடுத்த படங்களையும் வைத்து மூன்று மாதக் கண்காட்சி நடத்தினார். என்னிடம் யாழ்ப்பாணத்தில் எடுத்த புவியியல் பட்டமும் சுமாரான பிரெஞ்சும் இருந்தன. அதுவரை நான் என் அண்ணை வேலை செய்த ரெஸ்தோரானின் நிலவறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்தால், கண்காட்சி லியோன் நகரத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவதாக மதாம் சொன்னார். இல்லாவிட்டால் மறுபடியும் நிலவறை.

உடுப்பு

முதல் நாளே மதாம், ஓய்தாலுப் பெண்கள் நெய்த துணி ஒன்றை என் இடுப்பில் சுற்றி, இன்னொன்றைத் தோளில் போட்டுவிட்டார். கறுப்புத் துணியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள். பிறகு நாலடி தள்ளி நின்று, சுவரில் படம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

வருகிறவர்கள் என்னை அந்த ஊர்க்காரி என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படியோ கேட்டிருந்தது. "யாராவது கேட்டால் பொய் சொல்லாதே. கேட்காவிட்டால் நீயாகச் சொல்லாதே," என்றார்.

கூரை

ஓய்தாலு வீடுகளின் ஓலைக்கூரை ஏறக்குறைய இடுப்பு வரை இறங்கியிருக்கும். குனியாமல் உள்ளே போக முடியாது. மண்டபத்தின் நடுவில் அப்படி ஒரு வீட்டின் மூலையை மதாம் கட்டுவித்திருந்தார். வெயிலுக்கும் காற்றுக்கும்தான் இந்தத் தாழ்வு என்று நான் சொல்வேன். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முன்னோருக்குத் தலைவணங்குவதற்காகத்தான் இருக்கும் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு போனார்கள்.

ஒரு நாள், மனைவியோடு வந்த நெட்டையான முன்னாள் ஆசிரியர் கூரைவளையில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஈரத்துணியோடு ஓடினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, எங்கள் வழக்கத்தில் கூரையில் தலை இடிப்பதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார். வலிக்கும் என்றேன். அவர் மனைவியிடம் திரும்பிச் சொன்னார்: "பார்த்தாயா, எவ்வளவு ஆழமான எளிமை!"

பனை

ஓய்தாலு பனையை நம்பி வாழும் ஊர். காலையும் மாலையும் மரமேறிப் பதநீர் இறக்குவார்கள். குடித்தது போக மிச்சத்தைப் பாகாகக் காய்ச்சி ஜாடிகளில் வைப்பார்கள். மழையில்லாத மாதங்களில் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பல வீடுகளில் அதுதான் சாப்பாடு. வீட்டுக்கூரை, தண்ணீர் அள்ளும் பட்டை, நெற்றிக்கு மேல் கொம்பு நீட்டிய தொப்பி எல்லாமே பனையோலை. மூங்கில் குழாயில் கம்பி கட்டி, அதைச் சுற்றிப் பனையோலையைக் கிண்ணம்போல விரித்து, வாத்தியம்கூடச் செய்வார்கள்.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பிரெஞ்சுக்காரருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த நம்மூர் அண்ணை ஒருவர் உள்ளே வந்தார். கடைசி வரிசையில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு முன்னுக்கு வந்து, என் உடுப்பை ஒருமுறையும் பட்டையை ஒருமுறையும் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் என்ன இடம் என்று தமிழில் கேட்டார். மானிப்பாய் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பட்டையைத் தூக்கிப் பார்த்து, இருந்த இடத்தில் வைத்தார். "ஏன் பிள்ளை, எங்கட ஊரில நிக்கிற இந்தப் பனங்கூடலைப் பாக்கவோ நான் கடையைப் பூட்டி, ரிக்கற்றும் எடுத்துக்கொண்டு வந்தனான்?"

மொழி

கடைக்கார அண்ணை அதோடு விடவில்லை. வாசலில் ரிக்கற் கிழிப்பவரைக் காட்டி, பகல் கொள்ளை, படிச்ச பிள்ளையளும் இதுக்குத் துணை என்று கொஞ்ச நேரம் பேசினார். நான் ஓம், ஓம் என்றேன். அவர் போனதும், பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்றார். பிறகு சொன்னார்: "உங்கள் தீவின் மொழி எவ்வளவு மென்மை! இதில் சண்டை போடவே முடியாது."

ஊர்க்காரர்

கடைசி வாரத்தில், லியோன் மண்டபத்தை நடத்துகிறவர் எங்களைப் பார்க்க வந்தார். மதாம் காலையிலேயே என் தோள்துணியை இரண்டு தடவை சரிசெய்திருந்தார். அன்று பார்த்து, கூட்டத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க குள்ளமான ஒருவர் முன்னால் வந்து நின்றார். பதநீர், பாகு, கூரை, தொப்பி எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும் என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். அதில் ஓய்தாலு என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லியோன்காரரும் பார்த்தார். மதாம் சன்னலைப் பார்த்தார். நிலவறைப் படிகள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒருவர், நான் அந்த ஊரா என்று கேட்டிருக்கிறார். நான் இலங்கைப் பெண், யாழ்ப்பாணம், உங்கள் ஊரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக அது மண்டபம் முழுவதும் கேட்டது.

அவர் கோபிக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, நல்ல பிரெஞ்சில் சொன்னார்: "முதலிலேயே தெரியும். எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் இவ்வளவு நேரத்துக்கு உங்களில் ஒருவரையும் வாய் திறக்க விட்டிருக்க மாட்டாள்."

லியோன்

அதன்பிறகு மண்டபம் மூடும்வரை அவர்தான் பேசினார். சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் மூன்று மாதமாக 'அமைதியான பனந்தோப்பு' என்று காட்டிவந்த மரங்களுக்காக மூன்று குடும்பங்கள் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்காடுகின்றனவாம். தறியில் இருந்த பெண் அவருடைய பெரியம்மா. படம் எடுத்த அன்று கொழுந்தனோடு பேச்சுவார்த்தை இல்லையாம். லியோன்காரர் கோட்டைக்கூடக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் போனபிறகு நான் துணிகளை மடித்து மதாமிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். வெங்காய வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று என் அண்ணையிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி நின்றேன். மதாம் பெட்டியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். "லியோனுக்கு அவரும் வருகிறார், நீயும் வா. அவர் மூச்சு வாங்கும்போது யாராவது விளக்கம் சொல்ல வேண்டும்."

லியோனில் நான் என்னுடைய சொந்த நீலப் பாவாடையும் சட்டையும் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்காரியாகவே வாசலில் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகப் பொன்ஜூர் சொல்லி, தங்கள் கோட்டுகளைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்கள்.