லதாவின் வண்டி எங்கே நிற்கிறது

திருட்டுப் போகாமல் இருக்க பைக்குக்குள் சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் கருவியை ஒளித்துவைத்து, வண்டி எங்கே நிற்கிறது என்று சொந்தக்காரரின் போனில் காட்டுவது என் தொழில்; அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை வாடிக்கையாளர்களே கற்பனை செய்துகொள்கிறார்கள். கடை ஓசூரில், பாகலூர் சாலையில். வெளியே போன வீட்டு ஆள் திரும்ப நேரமானால் போனைக் கையில் எடுத்து, கூப்பிடாமலே கீழே வைக்கும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே இனம்.

ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

மத்திகிரியில் வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மா. தெருவில் பைக்குகள் காணாமல் போகின்றன என்று தன் கணவருடைய வண்டிக்குக் கருவி பொருத்தச் சொன்னார். வண்டியைக் காட்டும் ஆப்பை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். ஞாயிறு காலை ஆனால் வண்டி கர்நாடகத்துக்குள் போய்விடுகிறது. "அங்க யாருண்ணா இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் பெட்ரோல் விலை குறைவு. ஓசூர்க்காரர்கள் பலரும் அங்கே போய்த்தான் டாங்க்கை நிரப்புகிறோம், நானும் அப்படித்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்ரோலுக்குப் போறவரு எதுக்குண்ணா தலைக்கு டை அடிச்சிட்டுப் போறாரு?"

மாந்தோப்பில் நின்ற இன்ஜின்

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர். அவருக்கும் தம்பிக்கும் ஒரே பைக். தம்பிக்கு எல்லைக்கு அந்தப்பக்கம், ஆந்திராவின் குப்பம் ஊரில் மாமியார் வீடு. அங்கே போனால் மூன்று நாளைக்குத் திரும்புவதில்லை என்பது அண்ணனின் குறை. நான் பொருத்திய கருவியில், போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடுகிற வண்டி நின்றுவிடும். ஒரு நாள் பைக் ஆந்திராவுக்குள் இருப்பதாகப் போன் காட்டியது. அண்ணன் அழுத்திவிட்டார்.

பைக் அவர்கள் தோப்பிலேயேதான் இருந்தது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் கருவிக்கு வானம் தெரியாது. செயற்கைக்கோள் கிடைக்காவிட்டால், பக்கத்தில் எந்த செல்போன் டவர் கிடைக்கிறதோ அதன் இடத்தைக் காட்டும். கிடைத்தது ஆந்திர டவர். பின்னால் இரண்டு கூடை மாங்காயோடு தம்பி சேற்றில் விழுந்து எழுந்தான். தவறு என்னுடையது, முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் கையமர்த்தினார். "விடுங்க சார். எப்படியும் வெள்ளிக்கிழமை போகத்தான் போறான். முன்கூட்டியே நிறுத்தினதா இருக்கட்டும்."

ஷோரூமில்

இப்போது என் கதை. என் மனைவி லதா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். போன வருடம் அவளை ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாக, லைன் லீடர் ஆக்கினார்கள். தன் சம்பளத்தில் மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். நான் விற்கும் எல்லாமே அதற்குள் பிறவியிலேயே இருந்தன: இடம் காட்டும், தொட்டால் அலறும், போனிலேயே பூட்டலாம்.

ஷோரூம் பெண் நம்பர் கேட்டாள். லதா தன்னுடையதைச் சொன்னாள். என் நம்பரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், தொழில்முறை ஆர்வம்போல. அந்தப் பெண் லதாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஓனர் மேடம் அனுமதி குடுத்தாத்தான் சார் நீங்க பாக்க முடியும்."

நாற்பது நிமிடம்

லதா அனுமதி கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளுடைய ஷிப்ட் இரண்டரைக்கு முடியும். வீட்டுக்கு இருபது நிமிட வழி. வண்டி வாங்கியபின் சில நாட்களில் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். பேச்சில் பிரகாஷ் என்ற பெயர் வரத் தொடங்கியது. பக்கத்து லைனின் லீடர். நன்றாகக் கேலி செய்வாராம். என் கேலிக்கு அவள் சிரித்து நாளாகியிருந்தது.

கடையில் கூட வேலை பார்க்கும் மஞ்சுநாத்திடம் சொன்னேன். ஊரில் பாதி வண்டி எங்கே என்று எனக்குத் தெரியும், இது மட்டும் தெரியவில்லை என்றேன். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னான்: "வாய்ல கேளு குரு. அதுக்குச் சிம் கார்டு வேண்டாம்."

நீங்கள்தானா?

நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பேட்டரி வயரில் என் கருவியை இணைத்தேன். வண்டி அலறியது. பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் யாருக்கும் விற்றதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில் "தொங்கா, தொங்கா" என்று திருடனைத் தேடிக் கிரிக்கெட் மட்டையோடு வந்து, என்னைப் பார்த்து மட்டையை இறக்கினார்.

லதா ஈரக் கையோடு போனைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த வயரை.

"'உங்க வண்டியை யாரோ திறக்கறாங்க, நீங்கள்தானா'ன்னு கேக்குது. என்ன போடட்டும்?"

அவள் 'இல்லை' என்பதை அழுத்தினாள். வண்டி இன்னும் உரக்கக் கத்தியது. அதற்கு மேலே குரல் எழுப்பித்தான், நாற்பது நிமிடம் எங்கே போகிறாய் என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"சார்ஜ் போடறேன். இங்க போடக்கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொன்னார்னு உங்ககிட்ட சொன்னேன். கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சப்புறம்தான் பிளக் கிடைக்கும், அங்க போடறேன்னும் சொன்னேன். தலையாட்டினீங்க."

தலையாட்டியிருப்பேன். பெட்ரோல் வண்டிக்காரனுக்கு, வண்டி நின்றுகொண்டு சாப்பிடும் என்பது மண்டையில் ஏறவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அங்கே எத்தனை பிளக் என்று கேட்டேன்.

"ரெண்டு. இன்னொண்ணுல பிரகாஷ் வண்டி." முகத்தில் எதுவும் இல்லை. அலறலை நிறுத்தினாள்; பிறகு போனில் எதையோ தட்டினாள். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. "அனுமதி குடுத்தாச்சு. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் என் வேலையப் பாக்கறேன்."

அன்று முதல், அவள் வண்டியைக் காட்டும் நீலப் புள்ளி கம்பெனியில் நாற்பது நிமிடமும் அசையாமல் நிற்பதைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறேன்; தெரியாமல் இருந்த காலத்தில் நடுநடுவே கொஞ்சம் வேலையாவது செய்தேன்.